உன் மாமன் விற்ற குகை

பெனார்தா,
அக்டோபர் 22

என் செல்ல மகள் கசில்டாவுக்கு அம்மா எழுதுவது. டப்ளினில் நீ இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த சப்பாத்தோடு அலையாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அப்பாவின் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அது அவருக்கு வசதியாகவும் இருக்கிறது. எனக்கு மட்டும் இரண்டு வாரமாக எதை வாயில் வைத்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது. பயப்படாதே, வயிற்றில் கோளாறு இல்லை. ஓர் ஆளை நினைத்தால் குமட்டுகிறது. அந்த ஆள் உன் மாமன் செவெரோ. என் கூடப் பிறந்த தம்பி, நான் மூத்திரத் துணி துவைத்து வளர்த்தவன், உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவன்.

மலையைக் குடைந்த தாத்தாவின் குகை வீடு இடிந்தது, அதை வாங்கிய வேல்ஸ்காரர் எம்ரிஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதை மட்டும்தான் போனில் உனக்குச் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ "அம்மா, வேலையில இருக்கேன், ராத்திரி பேசறேன்" என்று வைத்துவிடுவாய். இது அப்படிக் கேட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை, நீ ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த அசிங்கத்தில் உன் பெயரையும் இழுத்துவிட்டிருக்கிறான். இது வந்து சேர்வதற்குள் அவன் உன்னைக் கூப்பிட்டால், அம்மா கடிதம் வரட்டும் மாமா என்று மட்டும் சொல்லி வைத்துவிடு. வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

குகையை அவன் எம்ரிஸுக்கும் கிளெனிஸுக்கும் விற்ற அன்று நானும் அப்பாவும் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக கிரனாடா போயிருந்தோம், அது உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் மேஜைமேல் போனை வைக்க, நீ டப்ளினிலிருந்தபடி இங்கிலீஷிலும் நம் மொழியிலும் மாற்றி மாற்றிச் சொன்னாய். நாங்கள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொத்துப் பிரிக்கும்போது குகை அவன் பங்குக்குப் போனது, அவன் விற்றான், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால் தொலைந்தது சனியன் என்றுதான் இருந்தது. நான் பிறந்தது அங்கேதான் என்றாலும் அந்தப் பொந்தின்மேல் எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. கோவேறு கழுதைக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். அது மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே தூங்கி எழுந்தவள் நான். அதற்கும் பின்னால் மலைக்குள் போன கடைசி அறையில் பன்றிகள். கல்யாணமாகி அங்கிருந்து வெளியே வந்த அன்றைக்கு இரண்டு முறை குளித்தேன். அதனால்தான் அந்தத் தம்பதி வந்து இறங்கியபோது எதிர்வீட்டு எஃப்ராசியா சொன்னதைக் கேட்டு நானும் சிரித்தேன். "நாமெல்லாம் பொந்துலேர்ந்து வெளிய வர உசிரை விட்டோம், இதுங்க கப்பலேறி வந்து பொந்துக்குள்ள புகுதுங்க பாரு லியோகாதியா" என்றாள்.

ஆனால் பழகிய பிறகு சிரிப்பு வரவில்லை. எம்ரிஸ் வாழ்நாள் முழுக்க மழையில் நடந்து தபால் கொடுத்த மனுஷர், நெஞ்சில் எப்போதும் சளி. காய்ந்த காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். கிளெனிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். இருந்த வீட்டை விற்றுவிட்டுத்தான் வந்தார்கள், திரும்பிப் போக அங்கே ஒரு கூரையும் இல்லை. ஊரில் எல்லோரும் அவளை இங்கிலீஷ்காரி என்பார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் நின்று, விரலை ஆட்டி, "இங்கிலீஷ் இல்ல. வேல்ஸ். தயவு பண்ணி வேல்ஸ்" என்பாள். ரொட்டிக்கடைக்காரன் அதைக் கேட்பதற்காகவே தினமும் அப்படிக் கூப்பிடுவான். திருவிழாவுக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஏணி வைத்து முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், நம் ஆட்களே இப்போது அடிப்பதில்லை. பல தடவை என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் முன்பக்கச் சமையலறையோடு நின்றுகொள்வேன். அதற்கு மேல் கால் வராது, அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பின்பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பேன், பன்றித் தொழுவத்தில் மனுஷர்கள் கட்டில் போடுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த வாரம் விடாமல் மழை. மழை நாளென்றால் சமையல் மிகாஸ்தானே, அடுப்பின் முன் நின்று மாவைக் கிளறிக்கொண்டிருந்தேன், அப்பா மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு ஊரே மதியத் தூக்கத்துக்குச் சாய்கிற நேரத்தில், பெரிய பீப்பாயை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு கிளெனிஸின் குரல். அவள் பாஷையில் கத்தினாள், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது. நான் செருப்பில்லாமல் ஓடினேன். முன்னறைகள் அப்படியே இருந்தன, தட்டுகள்கூட அலமாரியில் இருந்தன. கடைசி அறையில்தான் கூரை மொத்தமும் இறங்கியிருந்தது. எம்ரிஸ் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் மார்புக்குக் கீழே மண்ணும் பாறையும், மேலே முகம் மாவில் புரண்ட மாதிரி வெள்ளையாக. முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் நுழைகிறேன் மகளே, முதலில் மூக்கில் ஏறியது பன்றி வாடை. ஈரம் பட்டதும் சுவரிலிருந்து கிளம்பிவிட்டது. அந்த வாடைக்கு நடுவில் பூப்போட்ட படுக்கை விரிப்பு, தலைமாட்டில் ஒரு ஜாடியில் ரோஜா. இதில் படுத்தா தூங்கினீர்கள் என்று கிளெனிஸைக் கேட்டேன், எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாமல். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "செவெரோ சொன்னாரு. உங்க அப்பா அம்மா படுத்த ரூமு. நல்ல ரூமு." உன் தாத்தாவும் பாட்டியும் படுத்த அறையாம்! அவன் வாயிலிருந்து இது வந்திருக்கிறது.

ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள், அப்பாவும் போனார். மண்வெட்டி பட்டுக் காயம் ஆகும் என்று கடைசியில் எல்லோரும் கையால்தான் தோண்டினார்கள். நான் எம்ரிஸின் வாயிலிருந்து மண்ணைத் துடைத்தெடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பாதி ஊர். எஃப்ராசியா சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் தோலை கிளெனிஸின் தொட்டிச் செடியில் துப்பிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். உன் மாமன் வந்தான். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "மலை மேல பூந்தொட்டி வெச்சு தண்ணி ஊத்தினா மலை என்ன பண்ணும்? ஊர்க்காரனா இருந்தா தெரியும்." உள்ளே ஒரு மனுஷன் நசுங்கிக் கிடக்கிறான், அவன் இன்னும் வெளியே வரவில்லை, அதற்குள் இவன் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்துவிட்டான். எம்ரிஸை இழுத்து எடுத்த பிறகு, மண்ணில் பெரிய பெரிய பாளமாகச் சிமென்ட் கிடந்ததைப் பார்த்தேன். ஒரு பக்கம் சிமென்ட், மறுபக்கம் அழகாக வெள்ளைச் சுண்ணாம்பு. அந்தக் கூரை நான் குழந்தையாக இருந்தபோதே வாய் பிளந்துதான் இருந்தது. அதற்காகத்தான் உன் தாத்தா மூன்று மரத்தூண் நட்டு முட்டுக் கொடுத்திருந்தார். தரையில் தூண் நின்ற குழிகளைத் தேடினேன். அதிலும் சிமென்ட், மேலே ஓடு. யாரோ தூண்களைப் பிடுங்கிவிட்டு, வெடிப்பை அடைத்து, வெள்ளையடித்து, அந்த அறைக்குப் படுக்கையறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரோ என்று ஏன் எழுதுகிறேன்? எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

எம்ரிஸின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கிரனாடா ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன், கொஞ்சம் ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுபோனேன், நர்ஸ் கொடுக்க விடவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு வார்த்தையைத் தேடித்தேடிக் கோத்து என்ன சொன்னார் தெரியுமா? "மன்னிக்கணும் லியோகாதியா. ஊருக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். மழையில எல்லாரையும் தோண்ட வெச்சுட்டேன்." என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! செவெரோவின் அக்காவிடம்! பிறகு மலை என்றால் அப்படித்தான், யார் தப்பும் இல்லை என்றார். நான் சரி சரி என்று போர்வையை இழுத்துவிட்டேன், கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. வெளியே வந்து கழிவறையில் வாந்தி எடுத்தேன். எம்ரிஸைப் பார்த்ததால் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

கிளெனிஸ் இப்போது நம் வீட்டில், உன் அறையில் இருக்கிறாள். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். உன் சாமான்களை அலமாரிக்கு மேல் கட்டி வைத்திருக்கிறேன், ஒன்றும் தொலையவில்லை. நல்ல பெண்தான், ஆனால் டீயில் பாலை ஊற்றிச் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆக்கிக் குடிக்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளாடைகளைத் தெருப்பக்கக் கம்பியில், என் ஜெரானியத்துக்கு மேல் காயப்போடுகிறாள். நான் எடுத்துப் பின்பக்கம் போடுவேன், அவள் வெயில் முன்னால்தான் வருகிறது என்று திரும்ப முன்னால் போடுவாள். அவள் மகன் வந்து இரண்டு நாள் இருந்தான். தெருவில் நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தினான். என்ன சொன்னான் என்று பிறகு கேட்டேன், "இந்த வளைக்குள்ள எலி மாதிரி வாழத்தான் எங்களை விட்டுட்டு வந்தியான்னு கேட்டான்" என்றாள். பையன் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம்தான், அந்தப் பொந்தைப் பற்றி நானும் அதையே சொல்லுவேன். ஆனால் அவள் போகவில்லை. எம்ரிஸ் எழுந்து உட்கார்ந்ததும் முன்னறைகளை எஞ்சினியரை வைத்துப் பார்க்கச் சொல்லி, சரியாக இருந்தால் அங்கேயே இருக்கப் போகிறார்களாம். எம்ரிஸுக்கு இந்த ஊருக்கு வந்த பிறகுதான் இரவில் இருமாமல் தூங்க முடிந்ததாம். எனக்கு இது புரியவே இல்லை. அவர்கள் பாடு.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் செவெரோவைக் கூப்பிட்டு, வெடிப்பு இருந்தது தெரியுமா, விற்கும்போது சொன்னாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் கண்ணைச் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறான்: வெடிப்பைப் பற்றிச் சொன்னேன், முட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன், என் அக்கா மகள்தான் அதை இங்கிலீஷில் சொல்லாமல் விட்டுவிட்டாள் என்று. விற்பனை நடந்தால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர அவளுக்கு விமான டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன், அந்த ஆசையில் விட்டுவிட்டாள் என்று. நீ எத்தனை சந்தோஷமாக அந்த டிக்கெட்டைப் பற்றி என்னிடம் சொன்னாய், மாமா எனக்குப் பரிசு அனுப்பினார் அம்மா என்று! விற்று முடிந்து மூன்று மாதம் கழித்து அனுப்பியதை இவன் லஞ்சம் ஆக்கிவிட்டான். இதை எனக்குச் சொன்னது எஃப்ராசியா. காபிக்கடையில் அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம். "பாவம், சின்னப் பொண்ணு, பாஷை சரியா வரல போல, நான் கோவிச்சுக்கல" என்று உன்மேல் இரக்கம் வேறு! நான் கையிலிருந்த தக்காளிக் கூடையை அப்படியே தெருவில் போட்டுவிட்டேன்.

நீ என்ன சொன்னாய் என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அன்று சாயங்காலம் கிளெனிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், செவெரோ உன்னைப் பற்றிச் சொன்னதை அவளிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். முகம் சிவந்துபோனது. "பொய்" என்றாள். "உங்க பொண்ணு கேட்டா. எனக்கு நல்லா ஞாபகம். மாமா, தாத்தா கம்பம் வெச்சிருந்தாரே, பின்னாடி ரூமுல, அது ஏன்னு கேட்டா. எங்ககிட்டயும் இங்கிலீஷ்ல சொன்னா, நான் மாமாகிட்ட இப்படிக் கேட்டிருக்கேன்னு. அவரு சிரிச்சாரு. பன்றித் தொடை தொங்கவிட வெச்ச கம்பம்னு சொன்னாரு. அவ அதையும் சொன்னா. எம்ரிஸ்கூட, இனிமே நான்தான் அங்க தொங்கணும்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சோம்." கசில்டா, எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ கேட்டிருக்கிறாய். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, யாரும் கேட்கச் சொல்லாமல், தாத்தாவின் தூண்களை நினைத்துக் கேட்டிருக்கிறாய். உன்னை வளர்த்ததற்கு இது ஒன்று போதும் எனக்கு.

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் புதிதாகப் போட்ட திராட்சைப் பந்தலின் கீழ் கூட்டாளிகள் இரண்டு பேரோடு அத்திப்பழமும் மதுவுமாக உட்கார்ந்திருந்தான், மத்தில்டே அத்தை ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாக்கா, உக்காரு, ஒரு வாய் குடி" என்றான். வாயைத் திறந்தேன், திட்டத்தான் வந்திருந்தேன், ஆனால் கண் மேலே போனது. பந்தலைத் தாங்குகிற தூண்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தான். ஒரு தூணில் உயரத்தில் ஒரு கொக்கி, அதற்கும் பச்சை. பன்றி அறுக்கிற அன்றைக்கு அதைத் தூக்கி மாட்டுகிற கொக்கி. அந்த வளைவை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன், எட்டு வயதில் தூணில் ஏறியபோது என் நெற்றியைக் கிழித்தது அதுதான். ஒரு மனுஷனின் தலைக்கு மேல் கூரையைத் தாங்கிய தூண்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து தன் திராட்சைக்கு நிழல் போட்டிருக்கிறான். போன கோடையில் அவன் பிறந்தநாளுக்கு எம்ரிஸும் கிளெனிஸும் அதே பந்தலின் கீழ் உட்கார்ந்து கேக் சாப்பிட்டார்கள். இவன் அவர்கள் தட்டில் பரிமாறினான்.

"இது எங்கேர்ந்து வந்த மரம்டா?" என்று கேட்டேன். "எது?" என்றான். "உன் தலைக்கு மேல நிக்கறது." மத்தில்டேயின் கை நின்றுவிட்டது. அவன் சிரித்தான்: "பழைய கட்டைக்கா. சும்மா மக்கிட்டு கெடந்துது." நான் சொன்னேன், "சும்மா கெடக்கல. கூரையைத் தாங்கிட்டு நின்னுது. அப்பா நட்டது. நீ பிடுங்கிட்டு வந்து பூசி மறைச்சே. இப்ப என் பொண்ணு தலையில பழியப் போடறே." கூட்டாளிகள் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாதக்கா, வீட்டு விஷயம்" என்றான். ஓர் அத்திப்பழத்தைப் பிளந்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னான், அந்தச் சிவப்பு அவன் உதட்டோரம் வழிந்தது. அதற்குப் பிறகு எனக்கு அத்திப்பழமே வேண்டாமென்று ஆகிவிட்டது. "வீட்டு விஷயம்னா நான் போலீஸுக்குப் போயி என் வீட்டு விஷயத்தைச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர் நிலையத்தில் ஒருத்தரும் இல்லை. போன் செய்தேன், காலையில் வருகிறோம் என்றார்கள்.

நான் இதையெல்லாம் அப்பாவிடம் கத்திக் கத்திச் சொன்னேன். நீ அவரை அறிவாய். மறுநாள் விடிந்ததும் சமையலறை நாற்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொப்பியையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்றேன், "செவெரோ வீட்டுக்கு" என்றார். நான் பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால் செவெரோ ஏணி மேல் ரம்பத்தோடு நிற்கிறான், கொக்கி இருக்கிற தூணில் பல் பதிந்திருந்தது. அப்பா பந்தலுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தூணை அறுத்தால் பந்தல் அவர் தலைமேல்தான் விழும். செவெரோ கெஞ்சினான், பிறகு திட்டினான், "செவிட்டுக் கெழவா, எந்திரி" என்று அவன் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா காதிலிருந்து மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருகினார், காது கேட்காதவர் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ் வரும்வரை அசையவில்லை. வந்து தூண்களைப் படம் எடுத்தார்கள், அளந்தார்கள், பெயின்ட்டைச் சுரண்டினார்கள், அடியில் பழைய மண்ணும் சுண்ணாம்பும் அப்படியே ஒட்டியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மனுஷனோடு வாழ்கிறேன், அன்றைக்குத்தான் திரும்பவும் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இதை அவரிடம் சொல்லிவிடாதே.

கதை இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு அவசரமாக எழுதியிருக்க மாட்டேன். முந்தாநாள் செவெரோவும் மத்தில்டேயும் ஒரு தட்டு பாதாம் பலகாரம் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். அவன் அழுதான். அவன் நன்றாக அழுவான், சின்ன வயதிலிருந்தே. ஜெயிலுக்குப் போனால் செத்துவிடுவேன் என்றான், அம்மாவின் பெயரைச் சொன்னான், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனதைச் சொன்னான். அது உண்மைதான், தூக்கிக்கொண்டு போனான், நீ அவன் காதைப் பிடித்துக்கொண்டு போவாய். பிறகு வந்த காரியத்துக்கு வந்தான்: "தூணை நான் பார்த்துக்கறேன். மக்கிப் போச்சுன்னு எடுத்தேன்னு சொல்லிக்கறேன். கசில்டா ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும்க்கா, அன்னிக்குப் பேசினது எதுவும் ஞாபகமில்லன்னு. பொய்கூட இல்ல அது. யாருக்குத்தான் எல்லாம் ஞாபகமிருக்கு?" உன்மேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்வானா என்று அவனைக் கேட்டேன். "அது எப்படிக்கா, ஒரு தடவை சொல்லிட்டேனே" என்றான். மத்தில்டே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் கிளெனிஸ் நடக்கிற சத்தம் கேட்டது. நான் கதவைத் திறந்துவிட்டேன். பலகாரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது, எஃப்ராசியாவின் நாய்க்குப் போட்டேன். எஃப்ராசியா தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் வெளிநாட்டுக்காரங்களுக்காகச் சொந்தத் தம்பியையா லியோகாதியா?" என்றாள். நீயும் டப்ளினில் வெளிநாட்டுக்காரிதான் கசில்டா. உனக்கு வாடகைக்கு அறை கொடுத்தவன் தலைக்கு மேல் ஓட்டையைப் பூசி மறைத்திருந்தால், அந்தத் தெருவில் ஒருத்தி விதை கொறித்துக்கொண்டு இதையே சொல்லுவாள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் பாஸாவில் நீதிபதி விசாரிக்கிறார். நீ வர வேண்டும். லீவு கொடுக்கவில்லை என்றால் அங்கிருந்தே பேச வழி இருக்கிறதாம், ஆனால் வந்தால் நல்லது, உன் முகத்தைப் பார்த்தாலே யாரும் நம்பிவிடுவார்கள். உனக்கு அவனைப் பிடிக்கும், அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும் பிடிக்காதா? அதனால்தான் இத்தனை அருவருப்பு, தெரியாத ஆள் செய்திருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பேன். அவன் போனில் அழும்போது குறுக்கே பேசாமல் கேள், கேட்டு முடித்துவிட்டு, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது மாமா என்று சொல். அன்று இரண்டு பாஷையில் சொன்னதை நீதிபதி முன்னாலும் இரண்டு பாஷையில் சொல்லு, கிளெனிஸ் உட்கார்ந்து கேட்கட்டும்.

வரும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வா, இங்கே காலையில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. கிளெனிஸுக்கு அந்த ஊர் டீத்தூள் ஒரு பெரிய டப்பா வாங்கி வா, நம் டீ வைக்கோல் மாதிரி இருக்கிறதாம், சொல்லிச் சொல்லிக் காது புளித்துவிட்டது. இரவில் ஈரத் தலையோடு படுக்காதே. அதிகம் யோசிக்காதே, நீ செய்தது சரி, இனிச் செய்யப்போவதும் சரியாகத்தான் இருக்கும். நான் பூசைக்குப் போகும்போதெல்லாம் உனக்காகவும், இப்போது எம்ரிஸின் காலுக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அப்பா உனக்கு முத்தம் அனுப்புகிறார். கிளெனிஸ் அவள் பாஷையில் ஏதோ ஆசி சொல்லி எழுதச் சொன்னாள், எனக்கு எழுத வரவில்லை, சேர்த்துக்கொள். ஒவ்வொரு கடிதத்திலும் இந்த இடத்தில் உன் மாமனின் ஆசியையும் சேர்த்து எழுதுவேன். இந்தக் கடிதத்தில் அது இல்லை. தேடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா,
லியோகாதியா